பதினோரு துணிகளும் ஒரே எடை

கை கழுவும் தொட்டியின் முன்னால் இசக்கித்தாய் நின்றாள். ஏழு ஆண்டுகளாக அந்த ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறாள். தரை துடைத்திருக்கிறாள். விளக்கைத் திருப்பியிருக்கிறாள். ரத்தத்தில் நனைந்த துணிகளை ஒரு மூலையில் உட்கார்ந்து எடை போட்டிருக்கிறாள். ஆனால் டாக்டர்களைப்போல முழங்கை வரை தேய்த்துக் கழுவி, பச்சைக் கவுனும் கையுறையும் போட்டுக்கொண்டு மேசைக்குப் பக்கத்திலேயே நிற்கப்போவது இன்றுதான் முதல் தடவை.

"யக்கா, கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கிய" என்றாள் நர்ஸ் அருணாசலவடிவு. எல்லோருக்கும் அவள் வடிவு.

"போளா. கல்யாணத்துலகூட எனக்கு இப்படிக் கை நடுங்கல."

"மாப்பிள்ள உள்ள மயக்கத்துல இருக்காரு. நடுங்குனாலும் பாக்கமாட்டாரு, வாங்க."

உள்ளே மேசையில் ஒருக்களித்துப் படுக்கவைக்கப்பட்டிருந்தவன் கஸ்பார் மச்சாது. திரேஸ்புரத்துச் சங்குகுளி ஆள். நாற்பத்தொரு வயது. அவன் உடம்பில் ஓடும் ரத்தத்துக்கு மாற்று ரத்தம் தூத்துக்குடியில் ஒரு துளி கிடையாது. திருநெல்வேலியிலும் கிடையாது. மதுரையில் இருந்த ஒரே ஒரு கொடையாளருக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலை கண்டுவிட்டது.

இருந்தும் இன்று அவன் இடுப்பைத் திறக்கப்போகிறார்கள்.

இசக்கித்தாய் மாப்பிள்ளையூரணிக்காரி. நாற்பத்துநாலு வயது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் எடை போடும் வேலைக்குப் போனவள். பன்னிரண்டு வருடம் அங்கேதான். பனிக்கட்டி உறைந்த இறாலைக் கழுவி, சல்லடையில் சாய்த்து, தண்ணீர் வடியவிட்டு, அதன்பிறகுதான் தராசில் வைக்க வேண்டும். வடியாத இறாலை நிறுப்பது அங்கே திருட்டுக்குச் சமம். கையில் ஒரு குத்து இறாலை எடுத்தாலே இதில் கறி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "இசக்கி கை வச்சா தராசு வெக்கப்படும்" என்று கூடவேலை பார்த்த பெண்கள் சிரிப்பார்கள்.

அவள் ஆஸ்பத்திரிக்கு வந்ததற்குக் காரணம் வேறு. அந்தக் காரணத்தை அவள் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை.

அவளுக்கு ஒரே அக்கா. பெயர் சந்தனச்செல்வி. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் பிரசவத்தில் பிள்ளை பிறந்தபின் ரத்தப்போக்கு நிற்கவில்லை. "கொஞ்சம்தான் போயிருக்கு, பயப்படாதீங்க" என்றார்கள் பிரசவம் பார்த்தவர்கள். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். கட்டிலுக்கு அடியில் கிடந்த சேலைத் துணிகளை எடுத்து இசக்கித்தாய்தான் வாளியில் போட்டாள். ஒவ்வொன்றும் கையில் கனத்தது. இது கொஞ்சம் இல்லையே என்று அவள் கை சொன்னது. வாய் சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் சந்தனச்செல்வி போய்விட்டாள்.

அந்தக் கனம் இன்னும் இசக்கித்தாயின் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை.

பிறகு வந்த வருடங்களில் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து தியேட்டர் உதவியாளர் ஆனாள். மயக்க மருந்து டாக்டர் ஜெபசுதா ஒருநாள் துணிகளைத் தராசில் வைத்து, "ரத்தம் ஒத்துற இந்த மாதிரி மாப் துணி காஞ்சா இருபது கிராம். நனைஞ்சு எடை கூடுனா, கூடுன ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி ரத்தம்" என்று ஒரு நர்ஸுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கையில் துடைப்பத்தோடு நின்ற இசக்கித்தாயின் கண்கள் பொலபொலவென்று கொட்டின. இப்படி ஒரு கணக்கு உலகத்தில் இருக்கிறது. இதை அன்றைக்கு ஒருவர் செய்திருந்தால்?

"டாக்டரம்மா, இந்த வேலைய எனக்குத் தாங்க" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்தத் தராசு அவளுடையது.

கஸ்பாரின் கதைக்கு வருவோம். காற்று வரும் கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பாகம், அதாவது அறுபது எழுபது அடி ஆழத்தில் மணிக்கணக்காகச் சங்கு தேடியவன் அவன். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வருகிறவர்களின் ரத்தத்தில் காற்றுக் குமிழிகள் தங்கி, எலும்புக்குப் போகும் ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். எலும்பு மெல்ல மெல்லச் செத்துப்போகும். கஸ்பாருக்கு வலது இடுப்பு செத்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் செயற்கை மூட்டு வைத்தார்கள். அப்போது ரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை. அட்டையில் ஓ பாசிட்டிவ் என்று எழுதியிருந்தது, அதோடு சரி. இப்போது அந்த மூட்டு ஆடிப்போய், அடி எடுத்து வைத்தால் உயிர் போகிற வலி. பழசை எடுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். முதல் தடவையைவிட இரண்டாம் தடவையில் ரத்தம் அதிகமாகப் போகும் என்பதால், எலும்பு டாக்டர் பெனிஸ்டன் முன்கூட்டியே நாலு பை ஓ ரத்தம் ஒத்துப்பார்க்கச் சொன்னார்.

நாலும் ஒத்துவரவில்லை. இன்னும் நாலு. அதுவும் இல்லை.

அப்போதுதான் தெரிந்தது, அவனுடையது ஓ வகையே இல்லை, பம்பாய் ரத்த வகை என்று. சாதாரணச் சோதனையில் ஓ போலவே காட்டும். ஓ ரத்தத்தை ஏற்றினாலோ ஆளைக் கொன்றுவிடும். பத்தாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் அந்த வகை.

இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளில் கையை விரித்தார்கள். கஸ்பார் ஊன்றுகோலோடு திரும்பவும் டாக்டர் பெனிஸ்டன் முன்னால் வந்து உட்கார்ந்தான். கூட அவன் மனைவி செசிலி.

"ரத்தம் இல்லாம ஆபரேஷன் முடியாதுன்னா சொல்லிருங்க டாக்டரு. நான் கடலுக்குப் போகணும்னு கேக்கல. கக்கூசுக்கு என் பொண்டாட்டி தோள்ல தொங்கிட்டுப் போறேன். அது மாறணும். அம்புட்டுதான்."

செசிலி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

டாக்டர் பெனிஸ்டன் ஜெபசுதாவைப் பார்த்தார். ஜெபசுதா நாசரேத்துக்காரர். சாமானியத்தில் சிரிக்கமாட்டார். அன்று சிரித்தார்.

"ரத்தம் இல்லைன்னு யார் சொன்னா? இவர் உடம்புலயே நாலு லிட்டர் இருக்கு. அதை விடாமப் பிடிப்போம்."

இசக்கித்தாய் கதவோரம் நின்று இதைக் கேட்டாள்.

ஆறு வாரம் யுத்தத்துக்குத் தயாராவதுபோலத் தயாரானார்கள். முதலில் கஸ்பாரின் ரத்தத்தைக் கெட்டியாக்க வேண்டும். நரம்பு வழியாக இரும்புச்சத்து மருந்து, எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் ஊசி. பத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்த ஹீமோகுளோபின் வாரா வாரம் ஏறியது. சோதனைக்கு ரத்தம் எடுக்கவும் சின்னக் குழந்தைகளுக்கு உரிய குட்டிக் குழாய்களைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது ஜெபசுதாவின் உத்தரவு. அந்தக் குழாய்களை எடுத்து வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருப்பாள் இசக்கித்தாய்.

"யக்கா, இன்னைக்கு எம்புட்டு எடுக்கிய?" என்பான் கஸ்பார்.

"உங்க வீட்டுக் கொசு எடுக்கிறதவிடக் கம்மி."

"எங்க வீட்டுக் கொசுவப் பத்தி உங்களுக்குத் தெரியாது. திரேஸ்புரத்துக் கொசு."

"முருங்கக்கீரை திங்கியளா?"

"கீரைச் சட்டியப் பாத்தா இவரு நொண்டிக்கிட்டே ஓடுதாரு" என்று செசிலி புகார் சொல்வாள். "ஓடுற ஆளுக்கு எதுக்கு ஆபரேஷன்னு நானே கேட்டுட்டேன்."

மூன்றுபேரும் சிரிப்பார்கள். ஆனால் போகும்போது செசிலி மட்டும் ஒரு நிமிடம் பின்தங்கி இசக்கித்தாயின் கையைப் பிடித்துக்கொள்வாள். மாதா கோயிலில் திரி ஏற்றிவிட்டு வந்த எண்ணெய்ப் பிசுக்கு அவள் விரலில் இருக்கும்.

ஆறாவது வாரம் ஹீமோகுளோபின் பதின்மூன்று புள்ளி ஒன்பது.

சிந்தும் ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, சிவப்பணுக்களை மட்டும் பிரித்துத் திரும்பக் கொடுக்கும் இயந்திரம் மதுரையிலிருந்து வேனில் வந்தது. கூடவே அதை இயக்கும் ஷாம் என்ற டெக்னீஷியனும் வந்தார். உறிஞ்சும் குழாயில் வரும் ரத்தத்தோடு, துணியில் ஊறும் ரத்தத்தையும் விடக்கூடாது என்றார் அவர். ரத்தம் உறையாதிருக்க மருந்து கலந்த ஒரு லிட்டர் உப்புநீரைப் பாத்திரத்தில் ஊற்றி, அதில் துணிகளை அலசிப் பிழிய வேண்டும். பாத்திரம் நிறைந்ததும் அந்தத் தண்ணீரை இயந்திரம் உறிஞ்சிக்கொள்ளும்.

"பிழியுற ஆள் ஸ்டெரைலா இருக்கணும். முதல்ல எடை, அப்புறம் அலசல். கணக்கும் தப்பக்கூடாது, ரத்தமும் தப்பக்கூடாது. யாரு செய்வா?"

டாக்டர் பெனிஸ்டன் யோசிக்கவே இல்லை. "இசக்கியக்கா."

ஒரு வாரம் பீட்ரூட் சாற்றில் துணி நனைத்துப் பயிற்சி செய்தார்கள். எடை, அலசல், பிழிசல். ஒரு தடவைகூட அவள் தவறவில்லை.

ஆபரேஷன் அன்று காலை ஒன்பது மணி. கஸ்பாருக்கு மயக்கம் கொடுத்ததும் ஜெபசுதா அவன் கை நரம்பிலிருந்து இரண்டு பை ரத்தத்தை இறக்கினார். எடுத்த அளவுக்கு ஈடாக நரம்பில் திரவம் ஏற்றினார். இனிமேல் உடம்பில் ஓடுவது நீர்த்த ரத்தம். சிந்தினாலும் நீர்த்ததுதான் சிந்தும். கெட்டி ரத்தப் பை இரண்டும், கஸ்பாரின் பெயர் எழுதி, அவன் தலைக்கு மேலேயே கம்பியில் தொங்கின. ஆபரேஷன் முடிந்து, கசிவெல்லாம் அடங்கிய பிறகுதான் அவை உள்ளே போக வேண்டும். அதுவரை யாரும் தொடக்கூடாது. கசிவு குறைய, ரத்தக் கட்டு கரையாமல் காக்கும் மருந்தும் ஏறியது.

இசக்கித்தாய் தனக்கு முன்னால் வைத்திருந்த ஸ்டீல் பாத்திரத்தைப் பார்த்தாள். உப்புநீர் ஊற்றுவதற்கு முன்னாலேயே, யாரும் சொல்லாமலே, அதைத் தராசில் வைத்திருந்தாள். அறுநூற்று நாற்பது கிராம். வெறும் பாத்திரத்தின் எடை தெரியாமல் எதிலும் எதையும் போடமாட்டாள். இறால் கம்பெனிப் பழக்கம்.

டாக்டர் பெனிஸ்டன் கத்தியை வாங்கினார்.

முதல் அரைமணி நேரம் எல்லாம் பட்டுப்போல நடந்தது. ஒவ்வொரு சின்ன நரம்பையும் பார்த்துப் பார்த்துச் சுட்டு அடைத்துக்கொண்டே உள்ளே போனார். பிறகு பழைய மூட்டை எடுக்க ஆரம்பித்தார். எலும்போடு ஒட்டிக் கிடந்தது அது. பெயர்க்கப் பெயர்க்க எலும்பின் உள்ளிருந்து ரத்தம் ஊற்றாகக் கசிந்தது. துணி மேல் துணியாக வந்தது. சொட்டச் சொட்ட வந்தது. பயிற்சியில் பார்த்த பீட்ரூட் துணிகள் இப்படிச் சொட்டவில்லை.

இசக்கித்தாயின் கைகள் பறந்தன. வாங்கு, பிழி, வை, சொல்.

"நாப்பத்தஞ்சு."

பலகையில் எழுதினாள் வடிவு.

"நாப்பத்தாறு. நாப்பத்துநாலு."

இயந்திரம் ஒரு பக்கம் உறுமியது. எலும்பில் சுத்தி அடிக்கும் சத்தம் ஒரு பக்கம். வெளியே வராந்தாவில் செசிலி ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பு ஒரு பக்கம். இசக்கித்தாய்க்கு வியர்த்து ஊற்றியது. ஆனாலும் மனசுக்குள் ஒரு பெருமிதம். ஒரு சொட்டைக்கூட விடவில்லை நான். ஒரு சொட்டைக்கூட.

பத்தே முக்காலுக்கு ஜெபசுதாவின் குரல் மாறியது.

"பெனி, பல்ஸ் நூத்திப் பதினெட்டு. பிரஷர் எண்பத்திநாலுக்கு வந்துட்டு."

"லாஸ் எவ்வளவு?"

"இசக்கி, டோட்டல் சொல்லு."

வடிவு பலகையைப் பார்த்துக் கூட்டினாள். பதினோரு துணி. துணியின் எடை போக, ரத்தம் இருநூற்று எழுபத்தைந்து மில்லி. ஷாம் தன் இயந்திரத்தின் தொட்டியைப் பார்த்தார். எழுநூறு இருக்கிறது, காயத்தைக் கழுவ விட்ட தண்ணீர் நானூறு போனால், முந்நூறு.

"மொத்தம் அறுநூறுகூட இல்ல" என்றார் ஜெபசுதா. அவர் நெற்றியில் கோடு விழுந்தது. "அறுநூறுக்கு இவர் இப்படி ஆகக்கூடாது. ரத்தத்தால இல்ல இது. எலும்புக் கொழுப்பு நுரையீரலுக்குப் போயிருக்குமோ. இல்ல ஹார்ட்டா."

சுத்திச் சத்தம் நின்றது.

"பழைய மூட்டு வெளிய வந்துட்டு" என்றார் பெனிஸ்டன். "புதுசு வைக்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். நிறுத்தணுமா? நிறுத்தினா இப்படியே மூடிருவேன். இடுப்புல மூட்டு இல்லாம."

மூட்டு இல்லாமல் என்றால் கஸ்பார் இனி எழுந்து நிற்கமாட்டான். தொடர்ந்தால், காரணம் தெரியாமலே அவன் மேசையில் போய்விடலாம். மானிட்டர் வேகவேகமாகக் கூவியது.

இசக்கித்தாய் நிமிர்ந்தாள். எதிரே பலகை.

நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. நாற்பத்துநாலு. நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. நாற்பத்தைந்து. நாற்பத்துநாலு. நாற்பத்தாறு. நாற்பத்தைந்து. நாற்பத்துநாலு. நாற்பத்தைந்து.

இத்தனை வருடம் எடை போட்டிருக்கிறாள். ரத்தம் ஒருநாளும் இப்படி வரிசையில் நின்றதில்லை. ஒரு துணி முப்பது வரும், அடுத்தது நூற்றிப்பத்து வரும். இப்படி ஒரே எடையில் வருவது ஒன்றே ஒன்றுதான். சல்லடையில் வடியவிட்ட இறால். நன்றாக வடித்தால் பெட்டிக்குப் பெட்டி ஒரே எடை காட்டும்.

வடித்திருக்கிறாள். சொட்டும் துணியைக் கண்டதும் கை பன்னிரண்டு வருடத்துப் பழக்கத்துக்குப் போய்விட்டது. முதலில் பாத்திரத்தில் அலசிப் பிழிந்து, பிறகுதான் தராசில் வைத்திருக்கிறாள். ஒன்றல்ல, இரண்டல்ல. பதினோரு துணிகளையும்.

'கொஞ்சம்தான் போயிருக்கு.' அன்றைக்கு அக்காவுக்குச் சொன்ன அதே சொல்லை இன்று கஸ்பாருக்கு அவளே சொல்லியிருக்கிறாள்.

சொன்னால் இத்தனை பேர் முன்னால் வெட்கக்கேடு. இந்தக் கவுனை இனிமேல் யார் தருவார்கள்? அந்த ஒரு கணத்தில் உள்ளங்கை கனத்தது. சேலைத் துணியின் கனம்.

"டாக்டரம்மா."

"என்ன இசக்கி?"

"என் கணக்கு தப்பு. பிழிஞ்சிட்டு நிறுத்துட்டேன். பதினொண்ணையும். பலகையில இருக்கது ரத்தம் இல்ல, மிச்சம்."

வடிவின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. ஷாம் வாயைத் திறந்தார். ஜெபசுதா இசக்கித்தாயின் கண்களையே பார்த்தார். முகமூடிக்கு மேலே தெரிந்தது அந்தக் கண்கள் மட்டும்தான்.

"அப்ப எவ்வளவு போயிருக்கும்? குத்துமதிப்பா?"

"குத்துமதிப்பு வேண்டாம் டாக்டரம்மா. பிழிஞ்சது எங்கயும் போகல. இங்கனதான் இருக்கு."

இரண்டு கைகளாலும் பாத்திரத்தைத் தூக்கினாள். தளும்பவிடாமல் தராசின் மேல் வைத்தாள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

"ரெண்டாயிரத்து எரநூத்தித் தொண்ணூறு. வெறும் பாத்திரம் அறுநூத்தி நாப்பது. உப்புத்தண்ணி ஆயிரம். வடிவு, கழி."

"அறுநூத்தி அம்பது" என்றாள் வடிவு.

"அந்த அறுநூத்தி அம்பதும் அவரு ரத்தம். பலகையில இருக்கதோட அதச் சேருங்க."

ஜெபசுதாவின் உதடுகள் முகமூடிக்குள் அசைந்தன. "ஆயிரத்து எரநூத்தி இருபத்தஞ்சு." பிறகு மின்னல் வெட்டியதுபோலத் திரும்பினார். "பெனி, நெஞ்சுல ஒண்ணும் இல்ல. நுரையீரல்லயும் ஒண்ணும் இல்ல. வெறும் ரத்தம்தான். ரத்தம்னா நான் பாத்துக்கிடுவேன். நிறுத்தாதீங்க. ஷாம், அந்தப் பாத்திரத்த உறிஞ்சுங்க. இப்பவே."

"நிறையட்டும்னு இருந்தேன் மேடம்."

"நிறைஞ்சாச்சு."

அடுத்த பதினைந்து நிமிடங்கள் எப்படிப் போயின என்று யாருக்கும் தெரியாது. குழாய் பாத்திரத்தின் அடியைத் தொட்டு, களகளவென்று கடைசிச் சொட்டு வரை இழுத்தது. இயந்திரத்துக்குள் கிண்ணம் சுழல ஆரம்பித்தது. கலங்கிய தண்ணீர் ஒரு பக்கம் விலக, கண்ணாடிச் சுவரில் சிவப்பு ஒட்டி ஒட்டித் தடித்தது. கஸ்பாருக்கு நரம்பில் திரவம் பாய்ந்தது. ஜெபசுதா பிரஷருக்கு மருந்து கொடுத்தார்.

"மேல தொங்குற ரெண்டு பையில ஒண்ணத் தொறந்துரலாமா மேடம்?" என்று வடிவு கேட்டாள்.

"கூடாது. இன்னும் எலும்பு கசியுது. இப்பக் குடுத்தா கெட்டி ரத்தமும் துணிக்குத்தான் போகும். இசக்கி பிழிஞ்சு வச்சது வரட்டும்."

வந்தது. ஒரு பை முழுக்க, கருஞ்சிவப்பாய், தேன்போல. கஸ்பாரிடமிருந்து போனது, துணியில் ஊறியது, பாத்திரத்தில் பிழிந்தது, இயந்திரத்தில் சுழன்றது, கஸ்பாரிடமே திரும்பிப் போனது.

"பிரஷர் தொண்ணூத்தாறு" என்றார் ஜெபசுதா. கொஞ்ச நேரம் கழித்து, "நூத்தி நாலு. பல்ஸ் தொண்ணூத்தெட்டு."

சுத்திச் சத்தம் மறுபடி கேட்டது. இசக்கித்தாய்க்கு அது கோயில் மணியாகக் கேட்டது.

"இசக்கியக்கா," என்றார் பெனிஸ்டன், தலை நிமிராமலே. "பன்னிரண்டாவது துணி."

கையை நீட்டி வாங்கினாள். சொட்டியது. கை தன்னாலே பாத்திரத்தின் பக்கம் போனது. பாதியில் நிறுத்தினாள். தராசில் வைத்தாள்.

"நூத்தி ரெண்டு."

அதன்பிறகு வந்த எண்கள் எல்லாம் தாறுமாறாக இருந்தன. எழுபது, முப்பத்தெட்டு, ஐம்பத்தொன்று. அந்தத் தாறுமாறைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆனந்தமாக இருந்தது.

பன்னிரண்டேகாலுக்குப் புது மூட்டு பொருந்தியது. கசிவு அடங்கியது. கெட்டி ரத்தம் இரண்டு பையும், காலையிலிருந்து அவன் தலைக்கு மேலே காத்திருந்தவை, ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. கடைசியில் எடுத்த சோதனையில் ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி மூன்று. அந்நியர் ரத்தம் ஒரு துளி இல்லை.

வராந்தாவில் டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் செசிலி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்கள் யாரையோ தேடின.

இசக்கித்தாய் துணி மாற்றும் அறையில், கவுனைக்கூடக் கழற்றாமல், சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். ஜெபசுதா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"என்னை இனிமே பழையபடி தரை துடைக்கப் போடுங்க டாக்டரம்மா."

"தரை துடைக்க ஆள் இருக்கு. மயக்க டாக்டருக்கு ஒரு வாய் தண்ணி கொண்டுவர ஆள் இல்ல. தொண்ட காஞ்சு கிடக்கு."

இசக்கித்தாய் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அரை டம்ளரைக் குடித்துவிட்டு ஜெபசுதா சொன்னார்:

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல எனக்குத் தப்பு நம்பர் எத்தனையோ பேர் குடுத்திருக்காங்க. தப்புன்னு ஆபரேஷன் நடக்கும்போதே சொன்னது நீ ஒருத்திதான். அடுத்த கேஸ்ல உனக்கு எதிர்ல ஒரு ஆள் நிப்பா. நீ தராசுல வைக்கிறதுக்கு முன்னால பிழிஞ்சா கையில அடிப்பா. வடிவுகிட்ட சொல்லிட்டேன். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம்."

நான்காம் நாள். தியேட்டர் வாசலில் கடகடவென்று ஒரு சத்தம். இசக்கித்தாய் எட்டிப் பார்த்தாள். நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக, கஸ்பார் மச்சாது நடந்து வந்துகொண்டிருந்தான். செசிலி இரண்டடி தள்ளி வந்தாள். அவள் தோளில் அவன் கை இல்லை.

"யக்கா, என் ரத்தத்தத் துணி தொவைக்கிற மாதிரித் தொவச்சியளாமே."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. சோப்பு போட்டியளா?"

"ஏலே, வாய்க்கு மட்டும் ரத்தம் குறையல பாத்தியா" என்றாள் இசக்கித்தாய். சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது.

"அந்தத் தராச நான் பாக்கணும்" என்றான் அவன். "அதுக்குத்தான் இம்புட்டுத் தூரம் நடந்து வந்தேன்."

தராசை வாசலுக்குக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள். கஸ்பார் செசிலியைப் பார்த்தான். அவள் தன் பையிலிருந்து ஒரு சங்கை எடுத்து நீட்டினாள். உள்ளங்கை அகலம், பால் வெள்ளை. இடுப்பு விழுவதற்கு முன்னால் கடைசி முங்கலில் அவன் எடுத்தது. வீட்டில் மாதா சொரூபத்துக்குக் கீழே இருந்தது.

"உங்களுக்குத்தான். எம்புட்டு இருக்குன்னு பாருங்க."

இசக்கித்தாய் சங்கை வாங்கினாள். வாங்கிய வேகத்தில் அவள் கை, இறாலை வடியவிடுவதுபோல, அதை வாய்ப்புறம் கீழாகச் சாய்க்கப் போனது.

"யக்கா," என்று உள்ளேயிருந்து வடிவின் குரல் வந்தது. "முதல்ல எடை."

இசக்கித்தாயின் கை அப்படியே நின்றது. சங்கை நிமிர்த்தி, தராசின் நடுவில் வைத்தாள். நூற்று எண்பத்தெட்டு. அதைச் சத்தமாகச் சொன்னாள். அதன்பிறகுதான் எடுத்துச் சாய்த்தாள்.

இரண்டு மணல் துகள்கள் உதிர்ந்தன.